செசிலியாவின் கரண்டியும் கன்னையாவின் வாயும்

மலாய் நாட்டு பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், கன்னையாவை மட்டும் வீட்டுக்குள் விடமாட்டார்கள். பார்க்கப் போனால் வாசலிலேயே ஒரு பெண்பிள்ளை கதவை மறித்துக்கொண்டு, "இப்பத்தான் கண்ணசந்தாரு அண்ணே" என்று சொல்லும். உள்ளே அந்த மனுஷன் இருமுகிற இருமல் தெருமுனைக்குக் கேட்கும். இருந்தாலும் கண்ணசந்தாராம். கன்னையா கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்வார்கள்.

சாகக் கிடந்த சொந்த மச்சானை, ஆஸ்பத்திரி வேலிக்கு வெளியே நின்று காலையும் மாலையும் வாய்க்கு வந்தபடி ஏசினவன் என்று அவனுக்குப் பெயர். ஜெர்மன் சண்டை முடிந்து சில வருடங்களில் ஒட்டின பெயர் இன்னும் உதிரவில்லை. சாபக் கன்னையா என்றால்தான் ஊருக்குத் தெரியும். இதில் ஒரு கூத்து. அவன் வாய் பலிக்கும் என்று நம்பி ஒரு பால்காரர் வெற்றிலை பாக்கோடு வந்து, போட்டிக்குப் பால் ஊற்றுகிறவனின் மாட்டைச் சபித்துத் தரவேண்டும் என்று கேட்டார். கன்னையா அந்தப் பால்காரரையே ஏசித் துரத்திவிட்டான். அடுத்த வாரம் அவருடைய மாடு நொண்டியது. பெயர் இன்னும் கெட்டியாகிப் போனது.

ஏசினது உண்மைதான். அதை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மருந்தாக ஏசினான். மருந்து சொன்னவள் செசிலியா. அவளைப் பற்றி இந்த ஊரில் ஒரு வாயும் பேசுவதில்லை என்பதுதான் கன்னையாவின் வயிற்றெரிச்சல். ஆகவே அவளைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஊருக்கு வெளியே ரப்பர் மரங்களை ஒட்டி ஒரு காய்ச்சல் கொட்டகை இருந்தது. தகரக் கூரை, நீள வராந்தா, சுற்றிலும் கம்பி வேலி. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிற நோய்க்காரர்களை அங்கேதான் கொண்டுபோய்ப் போடுவார்கள். அங்கே ஆயா வேலை செசிலியாவுக்கு. கட்டை உருவம், ரயில் ஊதல் மாதிரிக் குரல். அவளைக் கட்டின லூர்துசாமி கப்பலேறிப் போனவன் திரும்பி வரவில்லை. கேட்டால், "அந்தாளு சோத்துக்கு முன்னாடி கை கழுவ மாட்டான். போனதே நல்லது" என்பாள்.

கை கழுவுவதுதான் அவளுக்கு வேதம். நோய்க்கிருமியைக் கொல்லுகிற கார்பாலிக் தண்ணீரில் ஊறி ஊறி அவள் கை இரண்டும் ஊறவைத்த மொச்சைக்கொட்டை மாதிரிச் சுருங்கிக் கிடக்கும். அந்த வாடை சேலை மாற்றினாலும் போகாது, ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்கும் கூடவே வரும். அவள் உட்கார்ந்த பெஞ்சியில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். அவளும் காலை நீட்டிக்கொண்டு சௌகரியமாகப் பிரசங்கம் கேட்பாள். பாசார்ச் சந்தையில் மீன் விற்கிற சீனன் அவளைத் தூரத்தில் கண்டாலே, கழுவிவிட்டேன் என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவான். ஒரு தடவை நோயாளிக்கு ஜெபித்து எண்ணெய் பூச வந்த கோயில் சாமியாரையே வாளியடியில் நிறுத்திவிட்டாள். "ஆண்டவரைத் தொடுற கைதான் சாமி, நான் இல்லேங்கல. ஆனா வர்ற வழியில சைக்கிளையும் தொட்டிருக்கீங்கல்ல?" சாமியார் கழுவினார். போகும்போதும் கழுவவைத்தாள்.

வராந்தாவின் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் நோய், இந்தப் பக்கம் ஊர். கோட்டைத் தாண்டுவதற்கு அவளுக்கென்று ஒரு சேலை ஆணியில் தொங்கும். நோயாளிக்கு நோயாளி தனிக் கரண்டி, தனிக் குவளை, காம்பில் வேறு வேறு கலரில் நூல். ஒருவன் கரண்டி இன்னொருவன் வாய்க்குப் போனால் அன்றைக்குக் கொட்டகையே அதிரும்.

இன்னொரு காரியமும் செய்வாள். புதிதாக யாரையாவது கொண்டுவந்து போட்டால், கூட வந்தவர்களைப் பிடித்துக்கொண்டு, "இந்தாளுக்கு எதுமேல கிறுக்கு?" என்று கேட்பாள். கிள்ளானிலிருந்து வந்த வண்டிக்காரனுக்குச் சேவல்மேல் கிறுக்கு. தினமும் காலையில் அவன் சேவல் மாதிரி கூவிக் காட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். ஈயச் சுரங்கத்துச் சீனச் சமையல்காரன் ஒருவன் கண்ணைத் திறக்காமல் கிடந்தான். அவன் காதருகே உட்கார்ந்து, அரைகுறை மலாயில், மீனுக்குச் சர்க்கரை கொட்டி வேகவைப்பதாகச் சொன்னாள். அவன் தலையணையிலிருந்து எழும்பி, "சாலா! சாலா!" என்று கத்தினான், தப்பு தப்பு என்று. பிழைத்துப் போய்விட்டான். "நம்மளை விட்டா அந்த வேலைய ஆளாளுக்குக் கெடுத்துருவானுவன்னு தோணணும். அப்பத்தான் மனுசன் போகமாட்டான்" என்பாள்.

இந்தக் கொட்டகைக்குத்தான் கன்னையாவின் தங்கை புருஷன் ரெங்கசாமியைக் கொண்டுவந்தார்கள்.

ரெங்கசாமி ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிட்டுக் கொடி காட்டுகிற பாயிண்ட்ஸ்மேன். கன்னையா பட்டறையில் சம்மட்டி அடிக்கிறவன். தங்கை புஷ்பவல்லியைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து மச்சான்மார் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மரியாதையாகப் பேசி எவரும் கேட்டதில்லை. ரெங்கசாமிக்குப் பெரிய காது. கன்னையாவுக்கு இளம் வழுக்கை. இந்த இரண்டு சரக்கை வைத்துக்கொண்டே வருடக்கணக்கில் வியாபாரம் நடந்தது. ரெங்கசாமியின் சிவப்புக் கொடி காணாமல் போய் ஸ்டேஷன் மாஸ்டரிடம் அவன் திட்டு வாங்கின அன்றைக்கு, கன்னையா வீடு தேடிப் போய், "காதை ஆட்டிக் காட்டினாலே ரயில் நிக்குமே, உனக்கு எதுக்குடா கொடி?" என்று கேட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தான். அப்படி ஒரு சிநேகம்.

போர்ட் சுவெட்டன்ஹாம் பக்கம் வேலைக்குப் போன இடத்தில் எந்தத் தண்ணீரைக் குடித்தானோ, ரெங்கசாமிக்கு டைபாய்டு கண்டது. குடலைப் புண்ணாக்குகிற காய்ச்சல். பாலும் பார்லித் தண்ணீரும் தவிர வேறு எதுவும் உள்ளே போகக்கூடாது. புஷ்பவல்லி முந்தானைக்குள் கருவாட்டுக் குழம்புச் சோறு ஒளித்துக்கொண்டு வந்து வேலிக் கம்பி வழியாக நீட்டினாள். கார்பாலிக்கிலேயே குளிக்கிற செசிலியாவுக்குக் கருவாட்டு வாடை மட்டும் எப்படித்தான் எட்டுமோ, ஓடி வந்துவிட்டாள்.

"அவருக்கு உசிரு இது, ஆயாம்மா."

"அந்த உசிருதாண்டி போகும். குடலு வெந்து கிடக்கு, இதைப் போட்டா பொத்துக்கும். கொண்டா இங்க."

குழம்பு, கொட்டகைக் கழிவைக் கொட்டுகிற சுண்ணாம்புக் குழிக்குள் போனது. புஷ்பவல்லி ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள். செசிலியா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அழுவுற கைக்கு வேலை தரேன். வீட்டுல அவன் படுத்த பாய், துணி, தலைகாணி உறை, அத்தனையையும் கொதிக்கவெச்சு அலசு. அவன் வந்து படுக்கணும்ல?" என்றாள். வந்து படுக்கணும் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு புஷ்பவல்லி வீட்டுக்கு ஓடினாள்.

அதற்குப் பிறகுதான் கன்னையா வந்தான். வந்தவன் வழக்கம்போல வந்திருக்கலாம். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். வராந்தாக் கட்டிலில் மச்சான் சுருண்டு கிடந்தான். வேலிக்கு வெளியே நின்று இரண்டு கையும் கூப்பி, "மச்சான், தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் தப்பா பேசியிருந்தா மன்னிச்சிருங்க" என்றான்.

ரெங்கசாமி அவனை ஒரு பார்வை பார்த்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான்.

மறுநாள் கன்னையா போனபோது செசிலியா வேலியடியிலேயே காத்திருந்தாள்.

"யோவ், என்னய்யா சொன்னே அவன்கிட்ட?"

"மன்னிப்புக் கேட்டேன்க்கா."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... ஒரு மரியாதைக்குத்தான்."

"கல்யாணம் பண்ணிக் குடுத்த நாள்லேருந்து இல்லாத மரியாதை நேத்து எங்கேருந்துய்யா முளைச்சுச்சு? அவன் என்ன கேட்டான் தெரியுமா? 'கன்னையாவே கும்பிட்டுட்டான் ஆயாம்மா, பாடைக்குச் சொல்லியாச்சா'ன்னு கேட்டான். அதோட வாய மூடினவன்தான். பாலு ஊத்தினா கடைவாயில வழியுது. விழுங்கினாத்தான் பிழைப்பான்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிட்டாரு."

கன்னையா வேலிக் கேட்டில் கை வைத்தான். "இப்ப என்னக்கா பண்றது? உள்ள வந்து அவன் கையப் பிடிச்சு..."

"உள்ள வந்தா நீயும் பக்கத்துல படு. அப்புறம் ரெண்டு பேருக்கும் நான்தான் பீச்சட்டி எடுக்கணும். அங்கேயே நில்லு. நின்னு அவனை ஏசு."

"சாகப்போறவனை எப்படிக்கா ஏசுறது?"

"சாகப்போறவனை யாரு ஏசச் சொன்னா? பார்லித் தண்ணி குடிக்கப் போறவனை ஏசு. அவன் பதில் சொல்ல வாயத் தெறப்பான். மிச்சத்தை நான் பாத்துக்குறேன்."

அவள் போய்ச் சேலை மாற்றி, கை கழுவி, மஞ்சள் நூல் கட்டின கரண்டியோடு கட்டில் பக்கம் உட்கார்ந்தாள். கரண்டியைத் தூக்கினால் ஏச வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. தூக்கினாள்.

"டேய்... காதுப்பயலே" என்றான் கன்னையா, கோழி விக்கின மாதிரி.

"காப்பிக்கடையில கடன் கேக்குறவன் மாதிரி பேசாதய்யா! சத்தமா!"

"டேய் முறக்காதா! உன் காதை அறுத்துப் போட்டா குவார்ட்டர்ஸ் அம்புட்டுப் பொம்பளைகளும் அரிசி புடைக்கலாம்டா! நீ செத்தா பொட்டி பத்தாதுடா, காதுக்குத் தனியா ரெண்டு பொட்டி செய்யணும்! யாரு தூக்குறது?"

ரெங்கசாமியின் இமை அசைந்தது. வறண்டு வெடித்த உதடு பிரிந்தது. "உன்... மண்டையில..." என்று ஆரம்பித்தான். கரண்டி உள்ளே போனது. வேறு வழியில்லாமல் விழுங்கினான். மறுபடியும், "உன் மண்டையில..." மறுபடியும் கரண்டி. அன்றைக்கு ஒரு குவளை பார்லித் தண்ணீர் உள்ளே போனது. மண்டையில் என்ன என்று மட்டும் வெளியே வரவில்லை. அதைச் சொல்லி முடிக்காமல் போவதற்கு ரெங்கசாமிக்கு மனம் இல்லை.

"இது மருந்துன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லக்கூடாது" என்று செசிலியா கண்டித்துச் சொன்னாள். "உன் தங்கச்சிகிட்ட சொன்னா அவ இவன்கிட்ட சொல்லுவா. தெரிஞ்சுபோச்சுன்னா இவனுக்குக் கோவம் வராது. கோவம் வரலேன்னா வாய் தெறக்காது."

ஆக, கன்னையா பட்டறையில் லீவு சொல்லிவிட்டு, காலையும் மாலையும் போய் ஏசினான். வேலிப்பக்கம் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். காறித் துப்பினார்கள். புஷ்பவல்லி ஒருநாள் கேட்டுவிட்டு, குடை முறிகிற வரைக்கும் அண்ணனை அடித்தாள். அவன் முதுகைக் கொடுத்துக்கொண்டே, "சரி விடு, மாலைக்கு வந்து அடி. இப்ப அவனுக்குப் பால் குடுக்குற நேரம்" என்றான். அதற்கும் சேர்த்து இரண்டு விழுந்தது.

ஏசுவதற்குச் சரக்கு தீர்ந்துபோனதுதான் பெரிய கஷ்டம். பாசாரில் மீன்காரிகள் சண்டை போடுகிற இடமாகப் பார்த்துப் போய் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். கள்ளுக்கடையில் ஒவ்வொருவனாகப் பிடித்து, "பெரிய காதைப் பத்தி ஏதாச்சும் தெரியுமாண்ணே?" என்று விசாரித்தான். ஒருவன் தன்னைத்தான் சொல்கிறான் என்று அடிக்க வந்துவிட்டான். எல்லாம் மச்சானுக்காகத்தானே என்று பொறுத்துக்கொண்டான்.

பிறகு அந்தக் கெட்ட நாள் வந்தது. காலையில் கன்னையா போனபோது ரெங்கசாமி கண்ணைப் பாதி திறந்தபடி கிடந்தான். விரல் போர்வையைச் சும்மா பிராண்டிக்கொண்டிருந்தது. செசிலியா கரண்டியைத் தூக்கினாள். கன்னையா ஏசினான். உதடு அசையவில்லை. காது, மூக்கு, நடை, ரெங்கசாமியின் சீட்டாட்டம், அவன் பாடுகிற பாட்டு, ஒன்று பாக்கியில்லாமல் ஏசினான். ஒன்றும் உறைக்கவில்லை. தூக்கின கரண்டி அப்படியே நின்றது.

"ஏசுய்யா!"

"இதுக்கு மேல என்னக்கா இருக்கு என்கிட்ட..." கன்னையா வேலியில் சாய்ந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டான். இவன் போய்விட்டால் இனிமேல் யாரை ஏசுவது என்று நினைத்துவிட்டான். நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது.

"அழாதே! அழுதா அவனுக்குக் கேக்கும்! அதுக்கு நீ அவனைச் செருப்பால அடிச்சாக்கூடப் பரவால்ல!"

கன்னையா மூக்கைத் துடைத்துக்கொண்டு, இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து, "போறதுன்னா போய்த் தொலைடா நன்றிகெட்ட நாயே!" என்று கத்தினான்.

அந்தச் சமயம் பார்த்துத்தானா ரெங்கசாமியின் அண்ணன் தம்புசாமி வந்து சேரவேண்டும்? கேரி தீவுத் தோட்டத்தில் மரம் வெட்டுகிற ஆள், கதவு மாதிரி நெஞ்சு. தம்பியை மச்சான்காரன் தினம் சபிக்கிறான் என்று யாரோ சொல்லிவிட, படகும் ரயிலும் ஏறி வந்திருக்கிறார். வந்து நின்றதும் காதில் விழுந்தது, போய்த் தொலைடா என்ற அந்த ஒன்றுதான்.

"சண்டாளப் பாவி!" என்று கன்னையாவின் இடுப்பைப் பிடித்தார். கன்னையா திமிறிக்கொண்டு கேட்டைத் தள்ளி உள்ளே ஓடினான். வேட்டி தம்புசாமியின் கையோடு போய்விட்டது. தம்புசாமி வேட்டியும் கையுமாகத் துரத்தினார். இரண்டு பேரும் வராந்தாவில் ஏறினார்கள். சுண்ணாம்புக் கோட்டுக்கு இன்னும் ஒரு சாண்தான்.

செசிலியா எழுந்தாள். "கோடு! கோடு!" என்று கத்தினாள். கையில் கிடைத்த கார்பாலிக் வாளியைத் தூக்கி இரண்டு பேர் தலையிலும் கவிழ்த்தாள்.

தம்புசாமி கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கன்னையா எரிச்சல் தாங்காமல் கட்டிலுக்கு நேராகக் குதித்துக்கொண்டிருந்தான். இடுப்பில் கோவணம் மட்டும்தான். நல்ல கெட்டித் துணி. பளிச்சென்ற சிவப்பு.

கட்டிலில் ஒரு சத்தம் கேட்டது.

"டேய்..."

ரெங்கசாமியின் கண் முழுசாகத் திறந்திருந்தது. விரல் போர்வையை விட்டுவிட்டு, கன்னையாவின் இடுப்பைக் காட்டியது.

"டேய் திருட்டுப் பயலே... அது என் கொடிடா!"

செசிலியா கழுவின கையோடு ஓடி உட்கார்ந்து கரண்டியை நீட்டினாள். ரெங்கசாமி அவசரமாக விழுங்கினான், அடுத்ததைச் சொல்லவேண்டுமே. "ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட... நான் வாங்கின ஏச்சு..." விழுங்கினான். "வழுக்கைத் தலையா... உன் மண்டையில..." விழுங்கினான். "...மண்டையில தாரை ஊத்தி, ரோட்டுல உருட்டி விடணும்டா!"

கடைசியில் அது வெளியே வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று கன்னையாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனாலும் சொட்டச் சொட்ட நின்றபடி பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"ரயில்வேக்காரன்ல, சிவப்பைக் கண்டதும் நின்னுட்டான்" என்றாள் செசிலியா. உடனே தம்புசாமி பக்கம் திரும்பி, "நீ எங்கய்யா எழுந்திரிக்கிறே? சோப்பு அங்க இருக்கு. முழங்கை வரைக்கும் தேய்" என்றாள்.

தம்புசாமி கேரி தீவுக்குத் திரும்பிப் போனார். கன்னையா சபித்ததையும், ஒரு பேய் பிடித்த ஆயா தன் கண்ணில் திராவகம் ஊற்றினதையும் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். பெயர் பரவினது அப்படித்தான். ரெங்கசாமி தேறி வேலைக்குத் திரும்பின பிறகு, கன்னையா பொறுக்கமாட்டாமல் அவனிடம் ஒருநாள் உண்மையைச் சொல்லிப் பார்த்தான். ரெங்கசாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மருந்தாவது மண்ணாவது. உன் வாய் பொறந்ததிலேருந்தே அப்படித்தானே" என்றான். செசிலியாவைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்றால் அவள் அதற்குள் ஊரில் இல்லை. பினாங்குப் பக்கம் ஏதோ ஒரு காய்ச்சல் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் கோடு கிழித்து, எந்தச் சாமியாரையாவது வாளியடியில் நிறுத்தியிருப்பாள்.

கன்னையா அவளைக் கடைசியாகப் பார்த்தது, ரெங்கசாமியை வீட்டுக்குக் கூட்டிப்போன அன்றைக்கு. எலும்பும் காதுமாக ரெங்கசாமி மாட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தான். செசிலியா கன்னையாவைத் தனியாக வேலியோரம் கூப்பிட்டு, ஒரு தகர டப்பா நிறையச் சுண்ணாம்பும், மூடி போட்ட ஒரு சட்டியும் நீட்டினாள்.

"காய்ச்சல் போச்சு. ஆனா அவன் வெளிக்குப் போறதுல விஷம் இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கும். பொதுக் கக்கூஸுக்கு விடாதே. இந்தச் சட்டியில போகச் சொல்லு, மேல சுண்ணாம்பைக் கொட்டி மூடி வை. அப்புறம் கிணத்துக்குத் தூரமா குழி வெட்டிப் புதை."

"சரிக்கா, புஷ்பவல்லிகிட்ட சொல்லிடுறேன்."

"அவ தொடக்கூடாது. சமைக்கிற கை அது. நீதான் எடுக்கணும்."

"நானா?" கன்னையா வண்டியில் இருந்தவனைப் பார்த்தான். அவன் ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு, சீக்கிரம் வா என்று காலை ஆட்டிக்கொண்டிருந்தான். "இந்தக் காதன் சட்டிய நானா எடுக்கணும்? கேட்டா சிரிச்சே சாவான்க்கா!"

"சிரிக்கட்டும்யா. எடுத்துட்டு ரெண்டு கையையும் முழங்கை வரைக்கும் கழுவு."

கன்னையா சட்டியை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"ஏசிக்கிட்டே எடுக்கலாம்லக்கா?"

"எடுக்குறதுக்கு முன்னாடி ஏசு, புதைச்சிட்டு வந்தும் ஏசு" என்றாள் செசிலியா. "சட்டி கையில இருக்கும்போது மட்டும் வாய மூடிக்க. தெறிக்கும்."